கணையத்தின் ரகசியத்தைக் கண்டவர்
பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னாரின் வாழ்க்கை

1878-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். பாரிஸ் நகரில் ஒரு பெரிய சவ ஊர்வலம் நடந்தது. அரசாங்கச் செலவில், அரசாங்க மரியாதையோடு நடந்த ஊர்வலம் அது. அதற்கு முன் பிரான்சில் அந்த மரியாதை அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் கிடைத்திருந்தது. விஞ்ஞானி ஒருவருக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அந்த மரியாதையைப் பெற்றவர் ஒரு திராட்சைத் தோட்டக்காரரின் மகன். இளமையில் மருந்துக் கடையில் எடுபிடி வேலை பார்த்தவர். நாடகம் எழுதிப் புகழ் பெறலாம் என்று பாரிசுக்கு வந்து, ஏமாந்து, வேறு வழியில்லாமல் வைத்தியம் படித்தவர். அவர் பெயர் கிளாட் பெர்னார்.

இன்று ஒருவர் தாங்க முடியாத வயிற்று வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால், டாக்டர்கள் அவர் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். கணையம் புண்பட்டிருக்கிறதா, நோயாளி பிழைப்பாரா, ஆபத்து எவ்வளவு என்பதையெல்லாம் அந்த ரத்தத்தைக் கொண்டு கணக்கிட முயல்கிறார்கள். அந்த வழியில் முதல் விளக்கை ஏற்றி வைத்தவர்களில் பெர்னார் முக்கியமானவர்.

திராட்சைத் தோட்டத்தில் பிறந்தார்

பிரான்சின் தென்கிழக்குப் பகுதியில், வில்பிராஞ்சு என்ற ஊருக்கு அருகே சேன் ஜூலியன் என்று ஒரு சிற்றூர் உண்டு. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே 1813-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி கிளாட் பெர்னார் பிறந்தார்.

தகப்பனாருக்குத் திராட்சை ரச வியாபாரம். அதில் நஷ்டம் வந்தது. வீட்டில் பணக் கஷ்டம். ஊர்ப் பாதிரியார் சிறுவனுக்கு லத்தீன் மொழி சொல்லிக் கொடுத்தார். பிறகு பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் படித்தான். படிப்பில் கெட்டிக்காரன் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. மேலே படிக்க வைக்கவும் வசதி இல்லை.

அதனால் லியோன் நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தரையைப் பெருக்குவது, குப்பிகளைக் கழுவுவது, மருந்துகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது, இவைதான் வேலை.

அந்தக் கடையில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக ஒரு லேகியம் விற்பனை ஆயிற்று. கெட்டுப்போன மருந்துகளையும் மிச்சம் மீதிகளையும் கொட்டிவிடாமல் அந்த லேகியத்தில் சேர்க்கும்படி முதலாளி உத்தரவிட்டிருந்தார். ஒருநாள் இருந்த சரக்கு மறுநாள் அதில் இராது. ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டவர்கள் குணமானதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பையன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலேயே அதைக் கொடுக்கும் வைத்தியத்தில் அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்தச் சந்தேகம் ஆயுள் முழுவதும் அவரைவிட்டுப் போகவில்லை.

நாடக ஆசை

மாலை நேரங்களில் கிளாட் நாடகக் கொட்டகைக்குப் போவான். பார்த்துப் பார்த்து அவனுக்கும் எழுத ஆசை வந்தது. ரோன் நதியின் ரோஜா என்ற பொருள் தரும் பெயரில் ஒரு சிறு நகைச்சுவை நாடகம் எழுதினான். லியோனில் அது மேடை ஏறிற்று. கொஞ்சம் பணமும் கிடைத்தது.

அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை! ஐந்து அங்கங்கள் கொண்ட ஒரு சரித்திர நாடகத்தை எழுதி எடுத்துக்கொண்டு, 1834-ல் பாரிசுக்குப் புறப்பட்டுவிட்டான். அங்கே சேன் மார் ஜிரார்டன் என்ற பெரிய விமரிசகரைச் சந்தித்து நாடகத்தைக் காட்டினான்.

அவர் படித்துப் பார்த்தார். எழுத்தில் ஓரளவு திறமை தெரிகிறது, ஆனால் அதைக் கொண்டு வயிறு வளர்க்க முடியாது என்று நினைத்தார். மருந்துக் கடையில் வேலை பார்த்த அனுபவம் இருப்பதால் வைத்தியம் படிக்கலாம், ஓய்வு நேரத்தில் எழுதலாம் என்று புத்தி சொன்னார். இளைஞருக்கு மனம் ஒடிந்தது. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டார்.

வைத்தியக் கல்லூரியிலும் அவர் முதல் வரிசை மாணவர் அல்ல. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கான பரீட்சையில் தேறியவர்களின் பட்டியலில் அவர் பெயர் கடைசிப் பகுதியில்தான் இருந்தது. ஆனால் பயிற்சிக் காலத்தில் மாஜாந்தி என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். உடற்கூறு அறுவையில் பெர்னாரின் கை எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதை மாஜாந்தி கண்டுகொண்டார். 1841-ல் தம் ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை உதவியாளராக வைத்துக்கொண்டார்.

கமிஷனர் வீட்டு நாய்

அந்தக் காலத்தில் பிராணிகளை அறுத்துப் பார்ப்பதற்குப் பாரிசில் பலத்த எதிர்ப்பு இருந்தது. மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம். அக்கம்பக்கத்தார் போலீசில் புகார் செய்வார்கள். ஆராய்ச்சி செய்பவர்கள் இடம் மாறி மாறி ஒளிந்து வேலை செய்ய வேண்டியிருந்தது.

1844-ம் ஆண்டு வாக்கில் ஒரு சம்பவம். வயிற்றில் சுரக்கும் நீரைச் சேகரிப்பதற்காகப் பெர்னார் ஒரு நாயின் வயிற்றில் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அந்த நாய் இரவோடு இரவாகத் தப்பித்து ஓடிவிட்டது. ஓடிய நாய் நேராகத் தன் எஜமானர் வீட்டுக்குப் போயிற்று. எஜமானர் யார் தெரியுமா? அந்த வட்டாரத்துப் போலீஸ் கமிஷனரேதான்!

பெர்னாருக்கு ஆள் வந்தது. அவர் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நாயைத் தாம் திருடவில்லை, பணம் கொடுத்து வாங்கியதுதான் என்று விளக்கினார். வருத்தமும் தெரிவித்தார். நாய் பிழைத்துக்கொள்ளும் என்று உறுதி கூறி, குழாயைத் தாமே எடுத்து, காயம் ஆறும்வரை பல நாள் சென்று பார்த்துவந்தார். நாய் பிழைத்தது.

கமிஷனரின் கோபம் தணிந்தது. அதற்குப் பிறகு அவர் பெர்னாருக்கு நண்பராகவே ஆகிவிட்டார். தம் வட்டாரத்திலேயே ஆராய்ச்சிக்கூடம் வைத்துக்கொள்ளும்படி சொன்னார். அவருடைய பாதுகாப்பில் பெர்னார் பல ஆண்டுகள் தொல்லை இல்லாமல் வேலை செய்தார்.

முயல் காட்டிய உண்மை

1844-ல் பேராசிரியர் பதவிக்கான போட்டிப் பரீட்சையில் பெர்னார் தோற்றார். கையில் காசில்லை. ஊருக்கே திரும்பிப்போய்க் கிராம வைத்தியராக இருந்துவிடலாம் என்றுகூட எண்ணினார். நண்பர் ஒருவர் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்தார். 1845-ல் பாரிஸ் டாக்டர் ஒருவரின் மகளான பானி மார்த்தனை மணந்தார். மனைவி கொண்டுவந்த சீதனப் பணத்தில் ஆராய்ச்சி தொடர்ந்தது.

1846-ல் ஒருநாள். சந்தையிலிருந்து வாங்கிவந்த முயல்கள் ஆராய்ச்சிக்கூட மேஜைமேல் சிறுநீர் கழித்தன. அந்தச் சிறுநீர் கலங்கல் இல்லாமல் தெளிவாக இருந்தது. பெர்னார் அதைச் சோதித்தார். புளிப்புத்தன்மை தெரிந்தது. புல் தின்னும் பிராணிக்குச் சிறுநீர் கலங்கலாகவும் காரத்தன்மையோடும் இருக்க வேண்டும். இதுவோ மாமிசம் தின்னும் பிராணியின் சிறுநீர்போல் இருந்தது.

வேறொருவர் துடைத்துவிட்டுப் போயிருப்பார். பெர்னார் யோசித்தார். முயல்கள் பட்டினியாக இருந்திருக்கின்றன, தம் உடம்பின் சதையையே கரைத்துத் தின்கின்றன என்று ஊகித்தார். புல் போட்டார், சிறுநீர் கலங்கிற்று. பட்டினி போட்டார், மறுபடி தெளிந்தது. ஊகத்தை உறுதி செய்ய முயல்களுக்கு வேகவைத்த மாட்டிறைச்சியைக் கொடுத்தார். அப்போதும் சிறுநீர் தெளிவாகவே இருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. இறைச்சி தின்ற முயலை அறுத்துப் பார்த்தபோது மற்றொரு புதுமை கண்ணில் பட்டது. கொழுப்பு ஜீரணமானதும் குடலிலிருந்து அதை எடுத்துச் செல்லும் நுண்ணிய குழாய்கள் பால்போல் வெண்மையாகும். நாயின் உடலில் அந்த வெண்மை இரைப்பையைத் தாண்டியதுமே தொடங்கும். முயலிலோ அது சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் தொடங்கிற்று.

ஏன்? அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடினார். கணையத்தின் குழாய் முயலின் குடலில் வந்து சேருவது சரியாக அந்த இடத்தில்தான்!

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்புறம், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் சுரப்பி. அதன் வேலை என்ன என்பது அதுவரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ஜீரணம் என்றால் இரைப்பை ஒன்றுதான் என்று எண்ணியிருந்தார்கள். கணைய நீர் கொழுப்பைப் பால்போல் கரைத்து, அதைக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசரினாகவும் பிரிக்கிறது என்று பெர்னார் நிரூபித்தார். 1849-ல் அவருக்குப் பிரெஞ்சு அரசாங்கத்தின் கௌரவப் பட்டம் கிடைத்தது. 1856-ல் கணையத்தைப் பற்றிய பெரிய நூல் வெளிவந்தது.

அதே காலத்தில் அவர் மற்றொரு சோதனையும் செய்தார். நாயின் கணையக் குழாய்க்குள் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்திப் பார்த்தார். கணையம் வீங்கி அழன்று புண்பட்டது. பிற பொருளை ஜீரணிக்கும் சுரப்பி, தன்னையே அழித்துக்கொள்ளவும் கூடும் என்பதன் முதல் அடையாளம் அது. அதன் முழுப் பொருள் விளங்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

உடம்புக்குள் ஒரு கடல்

கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்பதையும் பெர்னார்தான் கண்டுபிடித்தார். சர்க்கரைச் சத்தே கொடுக்காமல் வளர்த்த பிராணியின் ரத்தத்திலும் சர்க்கரை இருப்பதை 1848-ல் கண்டார். 1857-ல் கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்ற பொருளையே பிரித்தெடுத்துக் காட்டினார். கரியமில ஆவியின் நெருங்கிய உறவான கார்பன் மோனாக்சைடு விஷவாயு, ரத்தத்திலிருந்து பிராணவாயுவை விரட்டிவிடுவதால்தான் மனிதன் சாகிறான் என்பதும் அவர் கண்டது.

இவற்றையெல்லாம் கோத்து அவர் ஒரு பெரிய கருத்தைச் சொன்னார். மனிதனின் உடலுறுப்புகள் வெளிக்காற்றில் வாழவில்லை, உள்ளே ஓடும் ரத்தத்திலும் அதிலிருந்து ஊறும் நீரிலும்தான் வாழ்கின்றன. அந்த உள்சூழ்நிலை மாறாமல் இருக்கும்வரை உடம்பு நலமாக இருக்கும். அது நிலைகுலைந்தால் நோய். இதுதான் கருத்து. இன்று ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, யூரியா எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று பார்ப்பதெல்லாம் அந்த உள்சூழ்நிலையின் நிலவரத்தைப் பார்ப்பதுதான்.

புகழும் துயரமும்

1854-ல் விஞ்ஞான அகாடமியில் அங்கத்தினர் ஆனார். 1855-ல் மாஜாந்தி இறந்தபின் அவருடைய பீடம் பெர்னாருக்குக் கிடைத்தது. 1864-ல் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் அவரைச் சந்தித்துப் பேசினார். பேச்சில் மயங்கிய சக்கரவர்த்தி அவருக்குப் புதிய ஆராய்ச்சிக்கூடம் கட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 1868-ல் பிரெஞ்சு அகாடமியிலும், 1869-ல் செனட் சபையிலும் இடம் கிடைத்தது.

வீட்டிலோ நிம்மதி இல்லை. பிறந்த ஆண் குழந்தைகள் சிசுவிலேயே இறந்துபோயின. இரண்டு பெண்கள் மிஞ்சினார்கள். கணவர் வாயில்லாப் பிராணிகளை வதைக்கிறார் என்பதை மனைவியால் சகிக்க முடியவில்லை. பெண்களும் தாயின் பக்கம் நின்றார்கள். 1869-ல் கணவனும் மனைவியும் சட்டப்படி பிரிந்தார்கள். எந்த ஆராய்ச்சிக்கு மனைவியின் சீதனம் உதவிற்றோ, அந்த ஆராய்ச்சியே குடும்பத்தைப் பிரித்துவிட்டது. பிறகு அந்த அம்மாள் பிராணி வதையை எதிர்த்துப் பகிரங்கமாகப் பிரசாரம் செய்தார்.

உடம்பும் கெட்டது. ஈரம் கசியும் இருண்ட அறையில் பல்லாண்டு வேலை செய்தவர் அவர். 1860-க்குப் பிறகு வயிற்று வலி அடிக்கடி வந்து படுக்கையில் தள்ளிற்று. அவருடைய கணையமும் கல்லீரலும்கூட அந்த நோயில் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். கணையத்தின் ரகசியத்தைக் கண்டவருக்குத் தம் கணையத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனையும் அன்று இல்லை!

அந்த நோய்க்காலத்தில் சேன் ஜூலியனுக்குப் போய்த் திராட்சைத் தோட்டத்தினிடையே ஓய்வெடுத்தார். வைத்திய ஆராய்ச்சி முறையைப் பற்றி 1865-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் பெரும்பகுதி அப்படிப்பட்ட ஓய்வில் உருவானதே. அவர் நோயுற்றிருந்த சமயம், 1866-ல், லூயி பாஸ்டர் அவருடைய கண்டுபிடிப்புகளைப் புகழ்ந்து பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அதைப் படித்துப் பெர்னாருக்குப் புதுத் தெம்பு வந்தது.

1878 பிப்ரவரி 10-ந் தேதி, 64-வது வயதில், சிறுநீரக நோயால் அவர் காலமானார். பேர் லாஷேஸ் இடுகாட்டில் அடக்கம் நடந்தது.

அவருக்குப் பின்

பெர்னார் இறந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1889-ல், அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர் ரெஜினால்ட் பிட்ஸ், திடீரென்று தாக்கும் கணைய அழற்சியை ஒரு தனி நோயாக விவரித்தார். 1896-ல் ஹான்ஸ் கியாரி, கணையம் தன் ஜீரண நீரால் தன்னையே ஜீரணித்துக்கொள்வதுதான் இந்நோய் என்று கூறினார். 1901-ல் யூஜின் ஓப்பி, பித்தப்பைக் கல் ஒன்று குழாயின் வாயை அடைத்து, பித்தநீர் கணையத்துக்குள் ஏறியதால் ஒருவர் இறந்ததைக் கண்டார். பெர்னார் நாயிடம் செய்து பார்த்ததை இயற்கை மனிதனிடம் செய்திருந்தது!

1908-ல் பெர்லின் விஞ்ஞானி வோல்கெமுத், மாவுச்சத்தை ஜீரணிக்கும் கணைய நொதியை அளக்க எளிய வழி கண்டார். 1929-ல் அமெரிக்காவில் எல்மனும் தோழர்களும், கணைய நோயாளிகளின் ரத்தத்தில் அந்த நொதி ஏறுவதைக் காட்டினார்கள். அதன் பெயர் அமிலேஸ். கொழுப்பைப் பிரிக்கும் நொதிக்குப் பெயர் லைபேஸ். பெர்னார் முயலில் கண்ட அதே கொழுப்பு ஜீரணச் சக்திதான் இந்த லைபேஸ். இன்று கணைய நோயைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் பெரிதும் நம்பும் ரத்தப் பரிசோதனை இதுதான். வழக்கமான உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்குமேல் ஏறினால் சந்தேகம் வலுக்கிறது.

பிழைப்பாரா என்ற கேள்வி

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அமிலேஸும் லைபேஸும் நோய் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு கடுமை என்று சொல்லாது. மிக அதிகமாக ஏறியவர் நாலு நாளில் எழுந்து நடப்பதுண்டு. கொஞ்சமே ஏறியவர் இறந்துபோவதும் உண்டு. பெரும்பாலோருக்கு நோய் தானே தணியும். சிலருக்கோ மூச்சும் சிறுநீரகமும் நின்றுபோகும். முதல் நாளில் இருவரும் ஒரே மாதிரி வலியால் துடிப்பார்கள்.

இருவரையும் பிரித்தறிய 1974-ல் நியூயார்க் டாக்டர் ஜான் ரான்சன் ஒரு வழி சொன்னார். 100 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 11 அடையாளங்களைப் பொறுக்கியெடுத்தார். வயது, வெள்ளணுக்கள், ரத்தச் சர்க்கரை முதலிய ஐந்தைச் சேர்ந்தவுடன் பார்க்க வேண்டும். யூரியா ஏற்றம், கால்சியம் இறக்கம் முதலிய ஆறை 48 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். எத்தனை அடையாளங்கள் கூடுகின்றனவோ அத்தனைக்கு ஆபத்தும் கூடும்.

கால்சியம் ஏன் இறங்குகிறது? கணையத்திலிருந்து கசிந்த நொதி வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பையே பிரிக்கிறது. பிரிந்த கொழுப்பு அமிலம் கால்சியத்தைப் பிடித்துச் சோப்புபோல் உறைகிறது. அது ஒரு காரணம். பெர்னாரின் முயல் இங்கேயும் வந்து நிற்கிறது!

1930-ல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட்டும் பிரான்சிசும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்ட சி.ஆர்.பி. என்ற புரதமும் இன்று கணைய நோயில் கைகொடுக்கிறது. 48 மணி நேரத்தில் அது லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் அபாய அறிகுறி. யூரியா நாளுக்கு நாள் ஏறுவதும், நீர் வற்றி ரத்தம் கெட்டிப்படுவதும் எச்சரிக்கை மணிகள்.

இந்தக் கணக்குகளைக் கண்டால் பெர்னார் முழுமனதோடு மகிழ்ந்திருப்பாரா என்பது சந்தேகம். வைத்தியத்தில் சராசரிக் கணக்கை அவர் நம்பியவர் அல்ல. நூற்றுக்கு எத்தனை பேர் பிழைப்பார்கள் என்ற எண், எதிரே படுத்திருக்கும் ஒருவர் பிழைப்பாரா என்பதைச் சொல்லாது என்பது அவர் கட்சி. ஒவ்வொரு நோயாளியிடமும் காரணத்தைத் தேடவேண்டும் என்றார். இன்றைய டாக்டர்களும் அதை அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். எந்த ஒரு ரத்தப் பரிசோதனையும் முழுத் தீர்ப்பு ஆகாது. அதனால்தான் ஒருதரம் பார்த்ததோடு விடாமல், மறுநாளும் அதற்கு மறுநாளும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆபத்து தெரிந்ததும் நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள்.

மேஜைமேல் கிடந்த சில துளிகளைத் துடைத்துவிடாமல் உற்றுப் பார்த்தார் ஒருவர். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ரத்தக் குப்பியோடு நிற்கும் இளம் டாக்டர் செய்வதும் அந்த வேலையைத்தான். அவர் பார்க்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும், மருந்துக் கடையில் தரை பெருக்கிய அந்தப் பையனின் சந்தேகம் இருக்கிறது.